வண்டி ஏன் கொதிக்கிறது

மார்ச் 3, செவ்வாய்

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். புளியரை ஏற்றத்தில் காரின் முன்பக்கம் புகைந்ததும் முதலில் இறங்கி ஓடியவன் நான்தான். வண்டிக்குச் சொந்தக்காரனும் நானே, டிரைவரும் நானே. உள்ளே நான்கு பேர் இருந்தார்கள், ஆரியங்காவு கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்களை நினைக்கவே இல்லை. வளைவில் இருந்த பாலத்துச் சுவர் வரைக்கும் ஓடிப்போய், அதன் பின்னால் நின்றுகொண்டுதான் திரும்பிப் பார்த்தேன். கனத்த பெரியம்மா ஒருத்தி ஜன்னல் வழியாகக் கத்துகிறாள்.

"ஏ டிரைவரு! ஓடுறதுதான் ஓடுத, இந்தக் கதவைத் திறந்துவிட்டுட்டு ஓடப்பிடாதா?"

நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. ரேடியேட்டர் கொதித்து ஆவி வந்திருக்கிறது, அவ்வளவுதான். திரும்பி வந்து, "தண்ணி எடுக்கத்தாம்மா ஓடினேன்" என்றேன். பெரியம்மா என் வெறுங்கையைப் பார்த்தாள். "எதுல மோந்துட்டு வருவ, உள்ளங்கையிலயா?" என்றாள். கோயில் வரும்வரை அவர்கள் நால்வரும் என்னை வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். எப்போதும் நான்தான் மற்றவர்களை வைத்துச் சிரிப்பேன். ஒரு நாள் மாறி நடந்தால் என்ன.

சாயங்காலம் பாவூர்சத்திரத்துக்கு, மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மாப்பிள்ளை என்றால் குத்தாலம், என் தங்கை வடிவின் புருசன். முன்பக்கம் ஒர்க்‌ஷாப், பின்பக்கம் வீடு. இந்தக் காரை அவர் கையைத் தவிர வேறு கை தொட்டதில்லை. தை மாசக் கடைசியில் தண்ணீர்ப் பம்பு ஒழுகியதைச் சரிபண்ணியதும் அவர்தான். மாசி பிறந்ததிலிருந்து இந்தக் கொதிப்பு.

"எங்க வச்சுச் சூடாவுது, ஏத்தத்துலயா எறக்கத்துலயா, ஓடும்போதா நிக்கும்போதா, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாரும் மச்சான்" என்றார். "நீரு வாயில சொன்னா எது நெசம், எது கேலின்னு எனக்குத் தெரியல."

ஆகையால் எழுதுகிறேன். இது உரக்கடையில் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் ஒரு பூச்சி படம் போட்டிருக்கிறது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைப் பார்க்கும் பாக்கியம் இல்லை, அந்த வகையில் அவருக்கு யோகம்தான்.

மார்ச் 5, வியாழன்

டீக்கடை முன்னால் நிறுத்தி என்ஜினை ஓடவிட்டேன். சூட்டு முள் பாதிக்கு மேல் போகவில்லை. ஆய்க்குடி ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் முள் ஏறிவிட்டது. ஆக, நின்றால் குளிர்ச்சி, ஓடினால் சூடு. என் வீட்டுக்காரி பகவதிக்கு நேர் எதிர். அவள் உட்கார்ந்திருக்கும்போதுதான் சூடாவாள்.

(மாப்பிள்ளை, இதைப் படித்துவிட்டு அவளிடம் சொல்லிவிடாதீரும்.)

மார்ச் 8, ஞாயிறு

மாப்பிள்ளை டைரியை வாங்கிப் படித்தார். சிரிப்பார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பினாரே தவிர வேறொன்றும் இல்லை. பிறகு மேல் ஹோஸைக் கழற்றி, உள்ளே இருந்த தெர்மோஸ்டாட் வால்வை எடுத்து வெளியே போட்டார். வால்வு திறக்காமல் தண்ணீரை மறிக்கிறதாம். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லையாம்.

"அப்ப இவ்வளவு நாளு எதுக்குவே உள்ள கிடந்துது? வீட்டோட மாப்பிள்ளை மாதிரியா?"

"ம்."

முன்னெல்லாம் நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். மச்சானும் மாப்பிள்ளையும் கேலி பேசாமல் இருந்தால் அது என்ன உறவு? "வாரும் மச்சான், வண்டியக் கொண்டாந்தீரா, இல்ல வண்டி உம்மைக் கொண்டாந்துதா?" என்று கேட்ட மனுசன், இப்போது ஸ்பானரைக் கேட்பதற்கு மட்டும்தான் வாயைத் திறக்கிறார். வெயில் காலம். ஆளுக்கும் சூடு இருக்கும்தானே.

காபி வந்தது. வடிவு கொண்டுவரவில்லை. அவள் மகள், என் மருமகள் கோமதி கொண்டுவந்து பழைய டயரின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "என்ன மருமவளே, மாமனுக்குக் கையில குடுத்தா காபி ஆறிருமா?" என்று கேட்டேன்.

கோமதி என்றதும் பொங்கல்படி கொடுக்கப் போன நாள் நினைவு வருகிறது. அதையும் எழுதிவிடுகிறேன், மாப்பிள்ளைக்கும் சிரிக்க ஒன்று வேண்டுமே. அண்ணன்காரன் தங்கைக்கு வருசா வருசம் கொடுக்கிற படி, இந்தத் தடவை சவாரி நெருக்கடியில் பொங்கல் கழிந்து மறுவாரம்தான் கொடுக்க முடிந்தது. அரிசி, கரும்பு, மஞ்சள்குலை, வெண்கலப் பானை, ஒரு சேலை. சேலையை நானே எடுத்தேன். அரக்கு நிறம், கடுகு நிறக் கரை, கரை முழுக்கச் சின்னச் சின்ன மாங்காய். கடையில் அதற்காகப் பகவதியோடு சண்டையே போட்டேன்.

போனால், அங்கே கோமதியைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். எல்லோரும் பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் கலகலப்பாக்குவோமே என்று அந்தச் சாவிக் கதையை எடுத்துவிட்டேன். கோமதிக்கு மூன்று வயதில் காய்ச்சல் முற்றிக் கைகால் வெட்டி இழுத்தது. வீடே "இரும்பு, இரும்பு" என்று கத்த, கைக்கு அகப்பட்ட என் கார்ச்சாவியை அவள் உள்ளங்கையில் திணித்தேன். இழுப்பு நின்றுபோயிற்று. ஆனால் சாவியைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறாள். அன்றைக்குச் சவாரியே போச்சு. "மெக்கானிக் மகள்லா! சாவி குடுத்தாத்தான் ஸ்டார்ட் ஆவா. உங்க வீட்டுலயும் ஒண்ணு தயாரா வச்சுக்கிடுங்க" என்றேன்.

சொல்லிவிட்டு நானே சிரித்து எனக்குப் புரையேறியது. வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டார்கள். வடிவு எப்போதும் சர்க்கரையை அள்ளிப் போடுவாள். அந்தச் சம்பந்தம் ஏனோ கூடிவரவில்லை. ஜாதகம் சரியில்லை என்றார்களாம்.

மார்ச் 11, புதன்

வால்வு இல்லாமலும் கொதிக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

மாப்பிள்ளை ரேடியேட்டரையே கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்து, ஆசிட் ஊற்றிக் கழுவினார். செம்மண் மாதிரி கரைந்து வந்தது. மூடியையும் மாற்றினார். மின்விசிறி பெல்ட்டை இறுக்கினார். மூன்று மணி நேரத்துக்குக் குறையாத வேலை. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. உண்மையாகத்தான் தேடுகிறார். என்ன கோளாறு என்று தெரியாமல் அவருக்கு உறக்கம் வரவில்லையாம். அதை என்னிடம் சொல்லவில்லை, பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்று உள்ளே இருந்து ஒரு சத்தம் வரும் என்று பார்த்தேன். வடிவு வைக்கிற மீன் குழம்பின் வாசனைதான் வந்தது.

போகிறபோது சமையற்கட்டு ஜன்னல் பக்கமாகப் போய், "ஏளா வடிவு, அந்த அரக்குச் சேலையை ஒருநாளாவது கட்டினியா, இல்ல பெட்டிக்குள்ள வச்சு அடைகாக்குதியா?" என்று கேட்டேன்.

"கட்டுதேன்" என்றாள். முகத்தைக் காட்டவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

சூட்டுக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம். பூக்கடைக்காரர் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன் என்ஜின் ஆயில் மட்டம் என்றான். இன்னொருவன் டிரைவர் மட்டம் என்றான். அவன் நல்ல பையன், என்னிடம் பழகியவன்.

செங்கோட்டை மைதீன் பாயிடம் காட்டச் சொல்லிப் பகவதி ஒரு வாரமாக நச்சரிக்கிறாள்.

"தங்கச்சி புருசன் மெக்கானிக்கா இருக்கும்போது வேற ஆளுகிட்டக் கொண்டு விட்டா ஊரு என்ன சொல்லும்ளா? அவருக்கு வேலை தெரியலைன்னு நானே தட்டி எழுதி மாட்டுன மாதிரில்லா."

"ஊரு சொல்றதைப் பாக்கீயளா? நீங்க சொல்றதை ஒரு நாளாவது பாத்திருக்கீயளா?" என்றாள்.

என்னத்தைச் சொன்னேன் என்று கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லைத்தான் பார்த்தாள்.

மார்ச் 20, வெள்ளி

டீச்சர்மார் நான்கு பேரைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போவேன். இன்றைக்கும் பாதி வழியில் கொதித்தது. நாளையிலிருந்து வேன் பேசிவிட்டார்களாம். "உங்க பேச்சைத்தான் அண்ணாச்சி மிஸ் பண்ணுவோம்" என்று ஒரு டீச்சர் சொன்னார். பேச்சுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, அதைத் தனியாக அனுப்பிவைக்கட்டுமா என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

மாப்பிள்ளை இன்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஹெட்டைக் கழற்ற வேண்டுமாம். உள்ளே கேஸ்கட் போயிருக்கும், அதுதான் காரணமாம். என்ஜினைப் பிளப்பது என்றால் பெரிய வேலை.

"வண்டிய இங்கேயே விட்டுட்டுப் போங்க மச்சான். பங்குனி உத்திரம் கழிஞ்சு பிரிக்கேன்."

"உத்திரத்துக்கு இன்னும் நாளு கிடக்கே. அது வரைக்கும் நான் என்னவே பண்ண?"

"வீட்டுல இருங்க."

"தேடி வராம இருக்க முடியுமா? பஸ்சுல வந்துருவேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எண்ணெய் எப்போதோ போய்விட்டது. "வேலை முடிஞ்சா போன் போடுதேன், அலைய வேண்டாம்" என்றார். மாமனாரிடம் பேசுகிற மாதிரி மரியாதை. எனக்கு அது பிடிக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் இரண்டு இடத்தில் கொதித்தது.

மார்ச் 24, செவ்வாய்

திருட்டுத்தனமாகச் செங்கோட்டைக்குப் போனேன்.

"குத்தாலம் வண்டில்லா இது" என்றார் மைதீன் பாய். "வழி தப்பி வந்துட்டா?"

"வயசுக்கு வந்த வண்டி பாய். கொஞ்சம் ஊர் சுத்தும்."

அவர் ஒன்றையும் கழற்றவில்லை. என்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸைத் தொட்டார், கையை உதறினார். கீழ் ஹோஸைத் தொட்டார். என் கையையும் பிடித்து அதன் மேல் வைத்தார். மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருக்கிறது. "தண்ணி சுத்தல வே. ரேடியேட்டர் சுத்தமா இருக்கு. பம்புக்குப் போற வழியில என்னமோ நிக்கி" என்றார்.

பம்புக்குப் போகிற வளைந்த இரும்புக் குழாயைக் கழற்றினார். உள்ளே கம்பியை விட்டு இழுத்தார். கறுப்பாக, நீளமாக, பெருச்சாளி வால் மாதிரி ஒன்று வந்தது. துணி. பம்பு வேலை செய்யும்போது உள்ளே தூசி, திருகு விழாமல் குழாய் வாயில் கரித்துணியை அடைத்து வைப்பார்கள். மாட்டும்போது மாப்பிள்ளை எடுக்க மறந்திருக்கிறார். எந்த மெக்கானிக்குக்கும் நடக்கும் என்று பாய் சொன்னார். தனக்கே ஒருமுறை பெட்ரோல் டேங்கில் துண்டு விழுந்ததாம்.

தூக்கிப்போடப் போனவரிடமிருந்து அதை வாங்கி, குழாயடியில் பிழிந்தேன். கறுப்புத் தண்ணீர் போகப்போக அரக்கு நிறம் வந்தது. ஓரத்தில் கடுகு நிறம். கரையில் மாங்காய்.

"என்ன அண்ணாச்சி, பழக்கப்பட்ட துணியா?" என்றார் பாய்.

"என் தங்கச்சி சேலை பாய்."

பாய் நல்லாச் சிரித்தார். நான் கேலி பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பும்போது புளியரைக்கே போய், வேண்டுமென்றே ஏற்றத்தில் ஏற்றினேன். முள் பாதியிலேயே நின்றது.

மார்ச் 25, புதன்

இனிமேல் இந்த டைரியை மாப்பிள்ளையிடம் காட்டப்போவதில்லை.

மார்ச் 26, வியாழன்

துணியைச் சோப்புப் போட்டு ஊறவைத்துக் கொடியில் காயப்போட்டேன். ஒரு முழம் இருக்கும். எண்ணெய் போகவில்லை, கரை மட்டும் பளிச்சென்று வந்துவிட்டது. பகவதி கொடியடியில் நின்று பார்த்தாள். யாருடையது என்று கேட்கவில்லை. அவளும் அந்தக் கடையில் இருந்தவள்தானே.

"கிழிஞ்சிருக்கும். அதான் கரித்துணிக்குப் போட்டிருப்பா" என்றேன். "புதுச் சேலை பாரு, சாயம் நிக்கல போல."

"கிழியல. கிழிச்சா" என்றாள் பகவதி.

பிறகு அவளே சொன்னாள். சேலையை மடிப்புக் கலையாமல் வடிவு கத்தரியால் வெட்டினாளாம். மாப்பிள்ளை தடுத்தாராம், கேட்கவில்லையாம். துண்டு துண்டாக வெட்டி ஒர்க்‌ஷாப் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் எழுந்தாளாம். அம்பாசமுத்திரத்துக்காரர்கள் ஜாதகம் பார்க்கவே இல்லையாம். "வலிப்பு உள்ள பிள்ளைன்னு தாய்மாமனே சொல்லுதாரு, நாங்க வேற யாருகிட்டப் போய் விசாரிக்க?" என்று தரகரிடம் சொல்லிவிட்டார்களாம். அதற்கப்புறம் கடையத்திலிருந்து வர இருந்தவர்களும் வரவில்லை. தரகர் வாய் சும்மா இருக்குமா.

"அது ஒரே ஒரு நாள் காய்ச்சல்ல வந்ததுளா. இருபது வருசம் ஆச்சு. அப்புறம் வந்ததே இல்ல" என்றேன்.

"அதை அங்க சொன்னீயளா?"

இல்லை. அதைச் சொன்னால் கதையில் சிரிப்பு வராது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மாசியில."

"என்கிட்ட ஏன்ளா சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீய? அதையும் ஒரு கதையாக்கி டீக்கடையில சொல்லுவீய."

மார்ச் 27, வெள்ளி

சும்மா சிரிப்புக்குச் சொன்னது.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் பாவூர்சத்திரம் போனேன். வடிவிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மன்னிச்சிருளா. அவ்வளவுதான். வேறு ஒன்றும் சேர்க்கக்கூடாது. அதைச் சொல்லிப் பழகாத வாய், இரண்டு தடவை வேறு எதுவோ வந்தது.

ஒர்க்‌ஷாப் ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலம். புதுச் செருப்புகள் மூன்று ஜோடி கிடந்தன. கார்ச் சத்தம் கேட்டு வடிவு வெளியே ஓடிவந்தாள். தலை நிறையப் பூ வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.

"வண்டி ஓடுதா?" என்றாள்.

"ஓடுதுளா. கொதிக்கவே இல்ல."

"ஐயோ" என்றாள்.

கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தாள். "சாத்தூர்ல இருந்து வந்திருக்காவ. கோமதியப் பாக்க. அண்ணே, நீ போயிரு."

"தாய்மாமன் இல்லாமயா?"

"உன் கால்ல விழுதேன். இன்னைக்கு மட்டும் போயிரு."

"நான் வாயே திறக்க மாட்டேன்ளா. ஒரு மூலையில உக்காந்திருக்கேன்."

"நீ வாயைத் திறக்காம எந்த மூலையில உக்காந்திருக்க?" சத்தம் உள்ளே கேட்டுவிடக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அந்த வண்டி சரியாவப்பிடாது, இப்படியே கொதிச்சிட்டுக் கிடக்கட்டும்னு அம்மன் கோயில்ல நேர்ந்துக்கிட்டேன். அவிய பாவம், அது தெரியாம நாளெல்லாம் கோளாறைத் தேடுதாவ. நீ நல்லவன்தாண்ணே. உன்னைக் கெட்டவன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். ஆனா எம்பிள்ளை வாழணும்."

மன்னிச்சிரு என்பதைச் சொன்னேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சொல்லவில்லை. "பூ நல்லாருக்குளா" என்றேன்.

தெருமுனைக்கு வந்து வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினேன். உடனே கிளம்பியிருக்கலாம். அவர்கள் முகத்தையாவது பார்த்துவிட்டுப் போவோமே என்று உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளைப் பையன், அவன் அப்பா, அம்மா மூன்று பேரும் நடந்து வந்தார்கள். வெயிலில் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. டாக்சி போர்டைப் பார்த்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டு வருமா?" என்று கேட்டார் அப்பா.

கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தெரு திரும்பியதுமே கேட்டார். "நீங்க இந்தத் தெருதானா?"

"இல்லய்யா. சவாரிக்கு வந்தேன்."

"மெக்கானிக் குத்தாலத்தைத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன். நல்ல வேலைக்காரர்னு சொல்லுவாவ."

"அவரு பொண்ணைப் பத்தி எதும் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

கண்ணாடியில் பையனைப் பார்த்தேன். அவனும் என் பதிலுக்காகத்தான் காத்திருந்தான். நெற்றியில் வேர்வை, கையில் சுருட்டிய வெற்றிலைபாக்குப் பை. வெகுளியான முகம். இவனை எத்தனை விதமாகக் கேலி பண்ணலாம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஒரு குறையும் கேள்விப்பட்டதில்ல. தங்கமான பிள்ளைன்னுதான் ஊருல பேச்சு."

அந்த அம்மா பின்னாலிருந்து சொன்னாள். "எல்லாம் திருப்திதான். தாய்மாமன் ஒருத்தர்கூட இல்லியேன்னுதான் கேட்டேன். அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிட்டு. கூடப்பிறந்த அண்ணன் ஒருத்தர் இருந்தாராம். தவறிட்டாராம்."

கியர் மாற்ற வேண்டிய இடம். மாற்றினேன்.

"ஆமா, கேள்விப்பட்டேன்" என்றேன்.

"என்ன செஞ்சுதாம்?"

"வாயிலதான் ஏதோ கோளாறாம். கவனிக்காம விட்டுட்டாரு. முத்திட்டுது."

"ஐயோ பாவம். நல்ல மனுசரா?"

"சிரிக்கச் சிரிக்கப் பேசுவாராம்."

"அப்படிப்பட்ட ஆளுகளைத்தான் சாமி சீக்கிரமே கூப்பிட்டுக்கிடும்" என்றாள் அந்த அம்மா. "இருந்திருந்தா மருமக கல்யாணத்தை எப்படி நடத்தியிருப்பாரோ."

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். பையன் ஜன்னல் பக்கம் குனிந்து, "வரட்டுமாண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். பையன் பரவாயில்லை.

மார்ச் 30, திங்கள்

"உன் புருசன் செத்துட்டான், தெரியுமா?" என்று பகவதியிடம் சொன்னேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். சிரிக்கிற மாதிரிதான் சொன்னேன். "கல்யாணம் ஆனப்புறம் உண்மை தெரிஞ்சா?" என்றாள். கல்யாணம் ஆனப்புறம் நான் உயிரோடு வந்தால் யார் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நெற்றிப் பொட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஏப்ரல் 2, வியாழன்

மாப்பிள்ளை போன் பண்ணினார்.

"மச்சான், கோமதிக்கு முடிவாயிட்டுது. வைகாசியில. சாத்தூர்ல வச்சுத்தான், அவங்க பக்கம்."

"நல்லதுவே."

மூச்சுதான் கேட்டது. போனை வைக்கவும் இல்லை. அழைக்கவும் முடியாமல் வர வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் நின்றுகொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. கடைசியில், "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடி வந்ததை வடிவு சொல்லாமலா இருந்திருப்பாள்?

"இன்னும் கொதிக்கத்தான்வே செய்யுது" என்றேன். "சாத்தூர் வரைக்குமெல்லாம் தாங்காது."

அவர் சொன்னார். "ஆமா மச்சான். அதை நம்பி அம்புட்டு தூரம் வரப்பிடாது."

"கேஸ்கட்டாத்தான் இருக்கும்."

"கேஸ்கட்டுதான்."

துணியைப் பற்றி நான் சொல்லவில்லை. தேடிக்கொண்டிருந்த மனுசனுக்குக் காரணத்தைச் சொல்லாமல் விடுவது பாவம்தான். ஆனால் எந்தத் துணி என்று கேட்பாரே.

ஏப்ரல் 9, வியாழன்

ஆரியங்காவு சவாரி. ஏற்றம், இறக்கம், இரண்டிலும் முள் அசையவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டார்கள். கொதிக்கிறது என்று சொல்லி வைத்தேன். பக்கத்து ஊர்தானே, மாப்பிள்ளை காதுக்குப் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஓடும்போது: கொதிக்கவில்லை. நிற்கும்போது: கொதிக்கவில்லை. டீக்கடையில் நான் உட்கார்ந்தால், "என்ன அண்ணாச்சி, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்கிறார்கள்.

மே 13, புதன்

எதிர்வீட்டுக்காரருக்குக் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது, குத்தாலத்தோடு முன்பு வேலை பார்த்தவர் அவர். பகவதி வாங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். தாய்மாமன் என்ற இடத்தில் எங்கள் சித்தப்பா மகன் பெயர் போட்டிருக்கிறதாம். கோயம்புத்தூரில் இருக்கிறவன். கோமதியை அவன் கடைசியாகப் பார்த்தது அவள் தவழ்ந்தபோது.

"நல்ல பையன். பேசவே மாட்டான்" என்றேன்.

மே 24, ஞாயிறு

இன்றைக்கு முகூர்த்தம்.

மணமேடைக்குப் போகும் முன்னால் பெண் கழுத்தில் தாய்மாமன்தான் மாலை போட வேண்டும். விடியற்காலையில் எழுந்ததும் கால் தானாகப் பூக்கடைக்குப் போய்விட்டது. சம்பங்கி மாலை ஒன்று சொன்னேன், நடுநடுவே ரோஜா வைத்து, ஆள் உயரத்துக்கு. கட்டி முடித்துக் கையில் வாங்கிய பிறகுதான் இதை எங்கே கொண்டுபோவது என்று யோசித்தேன். வீட்டுக்குள் கொண்டுபோனால் பகவதி அழுவாள். காருக்கு முன்னால், வெளிப்பக்கக் கண்ணாடியிலிருந்து தொங்கவிட்டுக் கட்டினேன்.

பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, வண்டிக்குக் கல்யாணமா?" என்றார்.

"சூடு விட்டுட்டுது. அதுக்கு" என்றேன்.

குளித்துவிட்டு, புது வேட்டி கட்டி, படியில் உட்கார்ந்திருந்தேன். எங்கேயோ ரேடியோவில் நாதஸ்வரம் போட்டார்கள், எதற்கென்று தெரியாது. சாத்தூரில் இந்நேரம் மாலை மாற்றியிருப்பார்கள் என்று பகவதி உள்ளேயிருந்து சொன்னாள். நான் எழுந்து உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வந்தபோது எதிர்வீட்டு ஆடு காரின் முன்னால் நின்று மாலையைத் தின்றுகொண்டிருந்தது. சம்பங்கியைக் கீழிருந்து மேலாக ஒழுங்காகத் தின்றது. ரோஜாவைத் துப்பியது. நாரையும் தின்றது. ஆட்டுக்காரி ஓடிவந்து, "அண்ணாச்சி, இதுல அரளி ஏதும் சேத்துக் கட்டியிருக்காவளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் சரி என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.